மருதஞ்சேனைத் தயிர்

வல்லிபுரம் லேண்ட்மாஸ்டர் உழவு மெசினை ஓரங்கட்டியபோதே அன்னப்பூரணிக்கு விளங்கிவிட்டது, இனி அவர் ஒரு முழம்கூட முன்னால் வரமாட்டார் என்று. எஞ்சினை நிறுத்தாமல், முகத்தை வயல்பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசினார்.

“இதுக்கு அங்கால நான் வரல்ல மகள். கோவிக்காத. நீ பொம்புள, புள்ளையும் கையுமாப் போறாய். உன்ன ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டாங்க.”

“செய்யமாட்டாங்கெண்டா நீங்களும் வரலாந்தானே மாமா.”

அவர் பார்வை வயலிலேயே இருந்தது.

லோகினி தாயின் மடியில் கிடந்தாள். ஏழு வயது. நேற்றுவரை குளிரில் பல் கிட்ட நடுங்கியவள், இன்று விடிந்ததிலிருந்து நெருப்பாய்க் கொதித்தாள். மலேரியா அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் பிள்ளைக்கு இப்போது தாயை அடையாளம் தெரியவில்லை. ஒருமுறை வலிப்பும் வந்துவிட்டது. காய்ச்சல் மூளைக்கு ஏறினால் பொழுது சாயும்வரை தாங்காது என்பதை அவர்கள் எல்லாரும் கண்டிருந்தார்கள். வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியைக் கடந்துதான் போகவேண்டும். புருசன் தங்கராசா எருமைப் பட்டியோடு காட்டோரம் போயிருந்தான். வீட்டில் இருந்திருந்தாலும் வந்திருக்க முடியாது. ஆம்பிளைகள் ஆமியின் சென்றிக் காவலரணைத் தாண்டிப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லாத காலம் அது.

பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவள் இறங்கினாள். வல்லிபுரம் அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

“மகள், ஊரக் கேட்டா மருதஞ்சேனை எண்டு வாய் தவறியும் சொல்லிராத. ஈச்சையடிமடு எண்டு சொல்லு. அந்த ஊர்ல ஒரு பிரச்சினையும் நடக்கல்ல.”

லேண்ட்மாஸ்டர் கிறுகித் திரும்பிப் போனது. அதன் சத்தம் தேயும்வரை அவள் நின்றாள். பிறகு நடக்கத் தொடங்கினாள்.

மருதஞ்சேனைக் காட்டுக்கு விறகு வெட்ட வந்த இரண்டு முஸ்லிம்கள் திரும்பிப் போகவில்லை. அந்தச் செய்தி அவளுடைய ஊரில் யாரும் சத்தமாகப் பேசாத செய்தி. அவர்களைப் பிடித்தது யார், வைத்திருப்பது எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்காமலிருப்பதற்கு எல்லாரும் பழகியிருந்தார்கள். அன்னப்பூரணியும் பழகித்தான் இருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அன்று தொடக்கம் மருத மரத்தடிக்கு யாரும் வரவில்லை என்பது மட்டும்.

தொண்ணூறில் தமிழ், முஸ்லிம் இரு பக்கமும் வெட்டும் சூடும் நடந்து பாதை அறுந்தபின், யார் தொடங்கினார்களென்று தெரியாமலே அந்த வழக்கம் தொடங்கியிருந்தது. மருதஞ்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் நடுவில், வீதியோரத்தில் ஒரு பெரிய மருத மரம். காலையில் இந்தப் பக்கத்துத் தமிழ் ஊர்களின் பெண்கள் எருமைத் தயிர் மண்முட்டிகளை அதன் அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வரும். முட்டிகளை எடுத்துக்கொண்டு, முன்பு கொண்டுபோன முட்டிகளையும், அரிசி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் வைத்த பைகளையும் விட்டுப் போகும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பார்த்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் உயிர் போகும்.

முகம் இல்லாத இடத்தில் முட்டிதான் முகம். ஒவ்வொருத்தியும் தன் முட்டியை ஒவ்வொரு விதமாய்க் கட்டினாள். அன்னப்பூரணி தேக்கிலையால் வாயை மூடி, வாழைநாரால் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே மடித்துச் செருகுவாள். அந்தப் பக்கத்திலும் ஒருத்தி இருந்தாள். அவள் ஒரு பெண்ணென்று அன்னப்பூரணி தானாகவே தீர்மானித்திருந்தாள். அவள் திருப்பி அனுப்பும் முட்டிகள் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய்ந்து, மணம் போய் வந்தன. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாதென்று உள்ளே எப்போதும் ஏதாவது இருக்கும். ஒரு பிடி சீனி. ஒரு சுருள் தேயிலை. நோன்பு காலத்தில் நான்கு பேரீச்சம்பழம். அன்னப்பூரணி சில நாட்களில் பால் காய்ச்சும்போது அந்தப் பெண்ணோடு மனதுக்குள் பேசியிருக்கிறாள்.

சென்றியில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான், பிள்ளையின் கண்ணைப் பார்த்தான், கையால் போ என்றான். அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தாள். அதில் ஊர்ப் பெயர் இருந்தது. நெஞ்சில் தணல்துண்டு ஒன்றைக் கட்டிவைத்திருப்பது போல் இருந்தது.

ஓட்டமாவடி அடைத்துக் கிடந்தது. கடைப் பலகைகள் எல்லாம் மூடியிருந்தன. காணாமல் போனவர்களுக்காகக் கடையடைப்பு. நடுப்பகல் வெயிலில் வீதியில் ஒரு நாய்கூட இல்லை. ஆனால் வேலிகளுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். ஒரு கதவு மெல்லச் சாத்தும் சத்தம். யாரோ இருமி அடக்கும் சத்தம். நெற்றியில் இருந்த பொட்டு அவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது. அதை அழித்துவிடலாமா என்று கை போனது. அழித்தால் அது இன்னும் பெரிய குற்றமாகத் தெரியும் என்று கையை இறக்கினாள்.

அப்போதுதான் லோகினியின் உடம்பு விறைத்தது. கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளியது. அன்னப்பூரணி வீதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதவி கேட்டுக் கத்த வாயைத் திறந்தாள். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

“ஆரது? புள்ளைக்கி என்ன?”

முதல் வீட்டுக் கடப்படி வாசலில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடிவந்து பிள்ளையைச் சரித்துப் பிடித்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு இருவருமாக வளவுக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். வலிப்பு அடங்கியது. பெண் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து துணியை நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் போட்டாள்.

உள்ளிருந்து அவள் புருசன் வந்தான். சாரனை மடித்துக் கட்டிய, தாடி வைத்த, தூங்காத முகம்.

“சபூரா, ஆரு இது?”

“வழியில விழுந்து கெடந்தா. புள்ளைக்கி வலிப்பு. ஆஸ்பத்திரிக்கிக் கொண்டுபோகணும் றவூப்.”

“எந்த ஊரு?” அவன் அன்னப்பூரணியைத்தான் கேட்டான்.

“ஈச்சையடிமடு.”

வந்த சொல் தன்னுடையது போலவே இல்லை. சொன்னதும் சபூராவின் கை பிள்ளையின் நெற்றியில் அப்படியே நின்றது.

“ஈச்சையடிமடுவா,” என்றாள் சபூரா. குரலில் இருந்த இளக்கம் போய்விட்டது. “தயிருக்குள்ள அரிசிமாக் கரைச்சு ஊத்துற ஊரெல்லோ. மேலால கட்டியா இரிக்கும், கையை விட்டா அடியில தண்ணி. எத்தின சனத்துக்கிட்ட நான் ஏச்சு வாங்கியிரிக்கன் தெரியுமா.”

றவூப் சிரித்தான். அந்தச் சிரிப்பில் சந்தோசம் இல்லை. “பாலுக்கே உண்மையில்லாத ஆக்கள். இப்ப புள்ளைக்கி வலிப்பெண்டு வந்திரிக்கி. பின்னால ஆரு வாறான் எண்டு எனக்கென்ன தெரியும்? நான் மெசினை எடுத்துக்கிட்டு அங்கால தமிழாக்கள்ர தெருவுக்குள்ள போக, அங்க எனக்காக எவனும் நிப்பானோ, எவன் கண்டான்?”

“காக்கா,” என்று அண்ணன் முறை சொன்னாள். “சத்தியமா...”

“ஈச்சையடிமடுச் சத்தியம்,” என்று அவன் சொல்லி முற்றத்தைப் பார்த்தான்.

அன்னப்பூரணி அப்போதுதான் கூரை இறப்பின் கீழே பார்த்தாள். முட்டிகள். சாம்பலால் தேய்த்து, கவிழ்த்து, வரிசையாய் வைத்த முட்டிகள். பக்கத்தில் ஒரு ஆணியில் காய்ந்த வாழைநார்க் கத்தை. எறியாமல் யாரோ ஒவ்வொன்றாய்ச் சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த முறுக்கும் முடிச்சும் அன்னப்பூரணியுடையவை.

மருத மரத்தடியிலிருந்து வரும் முட்டியெல்லாம் இந்த முதல் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. இங்கிருந்துதான் ஊருக்குப் போயிருக்கிறது. எப்படி அவளுக்கு இது தோன்றாமல் போனது?

சபூரா பெருமூச்சு விட்டு, துணியைத் திரும்ப நனைத்தாள். “எல்லா ஊரும் அப்பிடியில்ல றவூப். அந்த மருதஞ்சேனை மனிசி, ரெட்டை முடிச்சுப் போடுறவ. இத்தின வருசத்துல ஒருநாள் புளிச்சதில்ல. முட்டியச் சரிச்சா அசையாது. அந்த மனிசி வந்து கேட்டா நீங்க இல்லாட்டியும் நானே கொண்டுபோவன்.”

“மருதஞ்சேனையெண்டு இந்த வீட்டுல பேசாத.” றவூப் மெதுவாகத்தான் சொன்னான். “என்ர தம்பி போன ஊரு அது.”

அப்படியென்றால் விறகு வெட்டப் போனவர்களில் ஒருவன் இந்த வீட்டுப் பிள்ளை. இந்த வளவிலிருந்து எழுந்து ஓட வேண்டும் என்று அன்னப்பூரணியின் கால்கள் சொல்லின. மடியில் பிள்ளையின் மூச்சு சீறிச் சீறி வந்தது.

தன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னேன் என்று அவள் நினைக்கவில்லை. எல்லாரையும் போல அவளும் சொல்லியிருக்கிறாள். ஆனால் இந்தப் பொய், பயத்தில் எடுத்துப் போர்த்திய ஒரு துணி, அவளுடைய பிள்ளைக்கு மேலேயே விழுந்து மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. அதை விலக்கினால் உள்ளே இருப்பது மருதஞ்சேனை. விலக்காவிட்டால் மாக் கரைக்கும் ஊர். இரண்டு கெட்ட பெயர்களுக்கு நடுவில் அவளுடையது என்று ஒரு நல்ல பெயர் இருந்தது. அதற்கு முகம் இல்லை. அதைக் கூப்பிட்டால் வருமா என்றும் தெரியவில்லை.

“ராத்தா,” என்று சபூராவை அக்கா முறையில் கூப்பிட்டாள். “அந்த மருதஞ்சேனை மனிசி நான்தான்.”

றவூப் எழுந்து நின்றான். “என்ன சொன்ன?”

“பயத்துல ஊர மாத்திச் சொல்லிப்போட்டன் காக்கா. இந்தா அட்டை.” சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். அட்டை நழுவி மண்ணில் விழுந்தது.

அவன் குனிந்து எடுத்து வாசித்தான். முகம் கறுத்தது. “அட்டையில ஊர் இரிக்கி. தயிர் இரிக்கா? இப்ப இவ சொன்னதக் கேட்டுப்போட்டு, நான்தான் அந்த மனிசி எண்டு ஆரும் சொல்லலாம். ஒரு வாயில ரெண்டு ஊர் வந்திட்டு. மூணாவது எப்ப வரும்?”

சபூரா எழுந்துபோனாள். ஒரு முட்டியும், பூவரசம் இலையும், கத்தையிலிருந்து ஒரு நாரும் கொண்டுவந்து அன்னப்பூரணியின் முன்னால் வைத்தாள்.

“கட்டு பாப்பம்.”

கண்ணை மூடிக்கொண்டு கட்டக்கூடிய கட்டு. அன்னப்பூரணி நாரை எடுத்தாள். ஒரு சுற்று வந்தது. விரல்கள் மரத்துப்போயிருந்தன. றவூப்பின் கால்கள் பக்கத்தில் நின்றன. அந்தக் கால்களைத் தவிர வேறொன்றும் அவளுக்குத் தெரியவில்லை. முடிச்சு நழுவியது. மறுபடி சுற்றினாள். காய்ந்த நார் இழுத்த இழுப்பில் அறுந்தது. இலை சரிந்து கீழே விழுந்தது.

“பாத்தியா,” என்றான் றவூப்.

சபூரா அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை. நம்ப விரும்பிய ஆசை மட்டும் இருந்தது. இத்தனை காலம் பால் காய்ச்சும்போது பேசிய முகம் இதுதான் என்று அன்னப்பூரணி எண்ணினாள். எண்ணியதும் வாயில் வந்தது:

“ஒருக்கா முட்டி வெறுமையா வந்திச்சு ராத்தா.”

“என்ன?”

“போன மாரியில. கழுவித்தான் இருந்திச்சு, ஆனா சீனியில்ல, தேயிலையில்ல, ஒண்டுமில்ல. நீங்க ஒருநாளும் அப்பிடி அனுப்புறதில்ல. வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தன். அந்த வீட்டுல ஆரோ செத்துப்போயிட்டாங்க எண்டு மனசு சொல்லிச்சு. மறுநாள் ஒரு முட்டி கூடுதலா வச்சன். அண்டைக்கு நான் உங்கட பைய எடுக்கல்ல. அரிசியும் சவர்க்காரமும் மரத்தடியிலயே விட்டுட்டு வந்தன். செத்த வீட்டுக்குக் குடுத்த தயிருக்கு எப்பிடி அரிசி எடுக்கிற?”

சபூரா அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள்.

“உம்மா மௌத்தான நேரம்,” என்றாள். “நான் ஒண்டும் வைக்க மறந்துபோனன். நாங்க என்ன நினைச்சம் தெரியுமா? தமிழாக்களுக்கு நம்மட அரிசி பிடிக்காமப் போயிட்டு, கோவிச்சுக்கிட்டாங்க எண்டு நினைச்சம். இவர் அண்டைக்கு முழுக்க என்ன ஏசினார்.”

றவூப் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டையை அன்னப்பூரணியிடம் நீட்டினான். பிறகு பின்வளவுக்குப் போனான். லேண்ட்மாஸ்டர் உறுமும் சத்தம் கேட்டது.

மெசினின் பின்பெட்டியில் சபூராவும் ஏறினாள். “நீ எதுக்கு?” என்று றவூப் கேட்டதற்கு, “நீங்க மட்டும் போனா ஆரு உங்கள நம்புவா, இந்தத் தாடியோட,” என்றாள். லோகினியின் தலை சபூராவின் மடியில், கால்கள் அன்னப்பூரணியின் மடியில். மூடிய கடைகளைத் தாண்டி, வேலிகளுக்குப் பின்னாலிருந்த கண்களைத் தாண்டிப் போனார்கள். யாரும் மறிக்கவில்லை. அது றவூப்புடைய மெசின்.

தமிழ்த் தெரு தொடங்கும் இடத்தில் றவூப்பின் முதுகு விறைத்ததை அன்னப்பூரணி பின்னாலிருந்து பார்த்தாள். மர நிழலில் இருந்த இரண்டு பேர் எழுந்தார்கள். அன்னப்பூரணி பெட்டியின் விளிம்பில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தாள், பொட்டும் முகமும் நன்றாகத் தெரியும்படி. சபூரா தலை குனிந்துகொண்டாள். அந்த இரண்டு பேரும் அன்னப்பூரணியைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள், மீண்டும் உட்கார்ந்தார்கள். சபூராவின் கை அவள் கையைப் பிடித்திருந்தது. யார் முதலில் பிடித்தது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையை இறக்கியபின் றவூப் அவளைத் தனியாக நிறுத்தினான்.

“பாறூக் எண்டு பேர். என்ர கடைசித் தம்பி. இருக்கானா, இல்லையா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும். ஒனக்கு அங்க பேர் இரிக்கிதானே. கேட்டுச் சொல்லு.”

யாரும் கேட்கக்கூடாத கேள்வி அது. முடியாது என்று சொல்லலாம். அவன் இனித் திரும்பிப் போகத்தான் போகிறான்.

“ஓம் காக்கா,” என்றாள்.

“இரிக்கான் எண்டா மரத்தடியில வழமையா வை. இல்லையெண்டா...” அவனால் முடிக்க முடியவில்லை.

சபூராதான் முடித்தாள். “வெறும் முட்டி வை. எங்களுக்கு வெளங்கும்.”

லோகினி பிழைத்தாள். குயினைன் ஏற்றி, கண் விழித்து, முதலில் கேட்டது தண்ணீர். காது கொஞ்சக் காலம் மந்தமாய் இருக்கும் என்றார்கள். அது போதும் என்றிருந்தது. ஆனால் அந்தக் கட்டிலடியில் படுத்திருந்த நாட்களில் அன்னப்பூரணிக்குச் சந்தோசம் முழுதாய் வரவில்லை. கண்ணை மூடினால் தான் சொன்ன அந்த ஓம் கேட்டது.

ஊருக்குத் திரும்பியபோது மரத்தடிக்குச் சைக்கிள் மறுபடி வரத் தொடங்கியிருந்தது. அவளோ எதையும் வைக்காமல் பல நாள் தள்ளிப்போட்டாள். கேட்காமலே நிறைமுட்டி வைத்தால் யாருக்குத் தெரியும்? அவர்கள் தயிரைச் சாப்பிட்டு, அவன் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். நம்பிக்கை தருவதும் ஒரு நன்மைதானே என்று தன்னையே கேட்டாள். அந்தக் கேள்விக்குள் இருந்த கோழைத்தனம் அவளுக்கே நாறியது. இதுவரை அவள் வாயில் பொய் வந்திருக்கிறது. முட்டியில் போனதில்லை.

அதே ஊர்க் கதிர்காமத்தம்பியின் மகன் இயக்கத்தில் போராளியாக இருந்தான். தகப்பனை வீதியில் தனியாகக் கண்ட ஒரு மத்தியானம், அவர் பின்னால் நடந்தபடியே பாறூக்கைப் பற்றிக் கேட்டாள்.

அவர் நின்றார். “ஆரு கேக்கச் சொன்ன?”

“ஒருத்தரும் இல்ல அண்ணன். சும்மா.”

“சும்மா கேக்குற கதையா இது?” அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். அவர் கண்ணிலும் பயம்தான் இருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு இன்னும் பயமாய் இருந்தது. “உனக்கு ஒரு புள்ள. அதுவும் இப்பத்தான் பிழைச்சு வந்திரிக்கி. இல்லாத ஆக்களத் தேடி இருக்கிறதத் துலைச்சிராத.”

அவர் போய்விட்டார். இல்லாத ஆக்கள். அவர் அதைச் சொல்ல நினைத்தாரோ, தவறி விழுந்ததோ, அவள் அங்கேயே நின்றாள்.

அடுத்த நாள் காலை ஒரு முட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வெயிலில் காயவைத்தாள். மறுநாள் தேக்கிலையால் வாயை மூடி, நாரால் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகினாள். அது அவள்தான் என்று தெரியவேண்டும். தயிர் இல்லாத முட்டி தலையில் பாரமே இல்லாமல் இருந்தது. வழி முழுவதும் அது விழுந்துவிடும் என்று பயந்து கையால் பிடித்துக்கொண்டே போனாள்.

மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கொஞ்சத் தூரம் வந்தபோது பின்னால் சைக்கிள் சத்தம். வழக்கமாய் அது நின்று, முட்டிகள் ஒன்றோடொன்று முட்டி, உடனே திரும்பிப் போய்விடும். இன்று நின்றது. நார் அறுபடும் மெல்லிய சத்தம் அவளுக்குக் கேட்டதா, நினைத்துக்கொண்டாளா தெரியாது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சைக்கிள் போகவில்லை. யாரும் அழவில்லை.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது வழக்கம். பின்னால் அந்த மௌனம் இருந்தது, முன்னால் கதிர்காமத்தம்பியின் ஊர் இருந்தது. நடுவில் அவள் நடந்துகொண்டிருந்தாள், நாளைக்குத் தயிர் முட்டியைக் கொண்டுவருவதா, வெறும் முட்டியையா என்று தெரியாமல்.